மிளகாய்க்கு முன்னால் எதை அரைத்தார்கள்?

பொள்ளாச்சியில் நான் நடத்தும் மாவு மில்லில் மூன்று மெஷின்கள். ஒன்று தானியத்துக்கு, ஒன்று மிளகாய் மல்லிக்கு, ஒன்று சீயக்காய்க்கு. அரைத்துக் கொடுப்பது என் பிழைப்பு; காத்திருப்பவர்களிடம் பேசுவது என் பழக்கம். பத்தாவதோடு படிப்பு நின்றாலும் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன். வடை சுற்றி வந்த காகிதம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் விரித்த பேப்பர், இப்போது செல்போன். ஆச்சரியமாக எது கிடைத்தாலும் மறுநாள் மில் பெஞ்சில் இறக்கி வைத்துவிடுவேன். சொல்கிற செய்தியைவிட அதற்கு வருகிற பதில்தான் எனக்கு ருசி.

தேங்காய் கடலில் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கி முளைக்கும் என்று ஒருநாள் சொன்னேன். கொப்பரை வியாபாரி ஒருவர், "லாரி வாடகை மிச்சமுங்க" என்றார். பேசும் படம் வந்த புதிதில் பாட்டைத் தனியாகப் பதிவு செய்ய வழி கிடையாது. நடிகர் பாடிக்கொண்டே நடக்க, வாத்தியக்காரர்கள் கேமராவுக்குப் படாமல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து வாசிப்பார்கள் என்று இன்னொரு நாள் சொன்னேன். மாவுக்குக் காத்திருந்த ஒரு பெண், "எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க. பேசறது எம்பட ஊட்டுக்காரரு, பின்னால வாசிக்கறது எம்பட மாமியா" என்றார். கூட வந்திருந்த மாமியாரே சிரித்துவிட்டார்.

மிளகாயைப் பற்றிச் சொன்ன நாள் மட்டும் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

மிளகாய் மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் வைத்திருப்பேன். கை எரிந்தால் தண்ணீருக்கு அடங்காது, எண்ணெய்க்குத்தான் அடங்கும். அது தொழிலில் தெரிந்துகொண்டது. காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்பதைப் பிற்பாடு படித்தேன். காரம் என்பது ஒரு ருசியே இல்லையாம். நாக்கு தன்னைச் சுட்டுவிட்டதாக நினைத்து ஏமாறுகிறதாம். கிளிக்கு அந்த ஏமாற்றம் கிடையாது, எத்தனை மிளகாய் தின்றாலும் உறைக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, மிளகாய் நம் மண்ணின் பொருளே இல்லை. சில நூறு வருஷங்களுக்கு முன்னால் கப்பலில் வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான்.

இதைச் சொல்லி முடித்ததும் பெஞ்சின் ஒரு கோடியில் இருந்து ஒரு கேள்வி வந்தது.

"ஏனுங்க்கா, அப்ப மொளகா வர்றதுக்கு முன்னால ஆனமலைல என்னத்த அரைச்சிருப்பாங்க?"

கேட்டவர் காலில் கட்டுப் போட்டிருந்தார். பெஞ்சின் மறு கோடியில் அவருடைய ஓரகத்தி உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள். கேட்டவர் இளையவர், ஓரகத்தி மூத்தவர். இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது எனக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடியில் இருக்கும் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்கு மூத்தவர் குடும்பத்தோடு போயிருந்தார். திரும்பி வந்தபோது, கல்யாணத்துக்குப் போட்ட கல் வைத்த தோடு வீட்டில் இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக வீட்டுச் சாவி இளையவரிடம் இருந்தது. மூத்தவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக ஆனைமலைக்குப் பஸ் ஏறினார்.

பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே அம்மன் சந்நிதியில் தங்கள் கையாலேயே மிளகாய் அரைத்துக் கல்லில் பூசிவிட்டு வருவார்கள். யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. எடுத்தவர் யாரென்று அம்மனுக்குத் தெரியும், எரிச்சல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்பப் போய் எண்ணெய்க் காப்பு செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும்.

மூத்தவர் அரைத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில் இளையவர் காலில் கொதிக்கிற வடிகஞ்சி கொட்டிவிட்டது. யார் காலில் வேண்டுமானாலும் கொட்டும். ஆனால் தெரு அப்படிப் பார்க்கவில்லை. ஆனைமலை வேலை செய்கிறது என்று பால் வாங்கும் இடத்தில் பேசிக்கொண்டார்கள். இளையவரின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பக்கத்து ஊர்தான். இந்தப் பேச்சு அங்கே போய்ச் சேர ஒரு பஸ் போதும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கேள்வி. பெஞ்சில் நடுவில் மாட்டிக்கொண்ட ஒருவர், சமாதானமாக, மிளகை அரைத்திருப்பார்கள், அதுவும் எரியும்தானே என்றார்.

"எதை அரைச்சா என்னங்க. எரியறது கேப்பாரில்லாதவளுக்குத்தான்" என்றார் இளையவர்.

மூத்தவர் காதில் விழாதது போலத் தன் மல்லிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு மத்தியான வேளை மூத்தவர் ராகி கொண்டுவந்தார். மில்லில் வேறு யாரும் இல்லை. எந்தத் தானியம் வந்தாலும் முறத்தில் கொட்டிக் கைவிட்டுத் துழாவாமல் நான் மெஷினில் போடமாட்டேன். ஆணி, ஊக்கு, பீரோ சாவி எல்லாம் கிடைத்திருக்கிறது. ஊருக்குப் போகும் பெண்கள் நகையைப் பீரோவில் வைப்பதை நம்பாமல் பருப்பு டப்பாவிலும் அரிசி டின்னிலும் புதைத்துவிட்டுப் போவார்கள். அதை மறந்தும் போவார்கள். எந்தப் பேப்பரிலும் வராத செய்தி, ஆனால் எல்லா மில்காரர்களுக்கும் தெரிந்த செய்தி.

அன்று என் கையில் தட்டுப்பட்டது ஒரு சின்னத் துணி முடிச்சு. நான் அவிழ்க்கவில்லை. அப்படியே எடுத்து நீட்டினேன். அவர் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார். அவிழ்க்காமலே இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அம்மணி, மில்ல ஓட்டு" என்றார்.

நான் சுவிட்சைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதார். வெளியே ரோட்டில் போகிறவர்களுக்கு ராகி அரைபடுவது மட்டும்தான் கேட்டிருக்கும். பிறகு என் காதோடு சொன்னார். முடிச்சில் இருப்பது அந்தத் தோடு; கொடுமுடிக்குக் கிளம்புகிற அவசரத்தில் தானே ராகி டின்னில் போட்டதுதான். வந்து பீரோவைத் திறந்து பார்த்ததும் புத்தி வேறு பக்கம் போய்விட்டது.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. எண்ணெ வெச்சு அம்மனைக் குளுத்திட்டு வந்தர்றேன். அதோட முடிஞ்சு போகட்டும்" என்றார்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் போகும்போது, எண்ணெய்க்குத்தான் அடங்கும் என்று சொன்னாயே, அது நிஜம்தானே என்று கேட்டார். கைக்கு நிஜம் என்றேன். மற்றது எனக்குத் தெரியாது.

கோயிலுக்கு முன்னால் இருந்த கடையில் எண்ணெய் வாங்கினோம். கடைக்காரப் பெண் நல்ல மாதிரி, சந்தோஷமாக விசாரித்தார்.

"பொருள் கெடச்சிருச்சுங்களா?"

மூத்தவர் தலையாட்டினார்.

"எடுத்தவங்க தானாக் கொண்டாந்து வெச்சுட்டாங்களாக்கு. அம்மன்னா சும்மாவா."

மூத்தவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எண்ணெய்ப் பாட்டிலை வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. நான்தான் வாங்கிக்கொண்டேன். காப்புக்குக் கொடுத்துவிட்டு, படுத்த கோலத்தில் இருக்கும் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் மூத்தவர் கேட்டார்.

"நா எண்ணெ வெச்சது தெரிஞ்சா, அவ திருப்பிக் குடுத்துட்டான்னுதானே ஊரு சொல்லும்?"

ஆமாம் என்றேன்.

"தோட்டைப் போட்டாலும் அதேதான் சொல்லும். போடாம வெச்சிருந்தாலும் அவதான் திருடி."

அதற்கும் ஆமாம் என்றேன். பொருள் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. போகவே இல்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு அங்கே ஒரு முறையும் இல்லை. நான் படித்த காகிதம் எதிலும் அது வந்ததில்லை.  அவர் ஜன்னல் வழியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை மில்லில் கூட்டம் அதிகம். கல்யாண வீட்டுக்கு மிளகாய்த் தூளும் மல்லித் தூளும் அரைக்க இளையவர் வந்திருந்தார். கால் ஆறிவிட்டது, தழும்பு தெரிந்தது. பெஞ்சு நிறைந்து, மீதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மிளகாய் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மூத்தவர் கையில் பையில்லாமல் வந்தார். காதில் அந்தத் தோடு. பெஞ்சில் இருந்தவர்களின் கண் எல்லாம் முதலில் தோட்டுக்கும், அடுத்து இளையவர் பக்கமும் போயிற்று. பஸ்ஸில் அவர் சொன்னது அப்படியே நடந்தது.

அவர் போய் இளையவருக்கு முன்னால் நின்றார்.

"அம்மணி, தோட்டை ஆரும் எடுக்கல. நாந்தான் ராகி டின்னுல போட்டு மறந்துபோட்டேன். உம்மேல சந்தேகப்பட்டுத்தான் ஆனமலைக்குப் போயி அரைச்சேன். தப்பு எம்பேர்ல."

பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் நிமிர்ந்தார்கள். தள்ளி நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டார்கள்.  இளையவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் நெடிக்கு அங்கே எல்லோரும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ராகி டின்னாங்க? நா உப்பு ஜாடிலயாவது இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "நீங்க சொன்னது சரிங்க்கா. ஆனா மில்லு ஓடிட்டு இருக்குது. பாதிப் பேருக்குக் கேக்கல. நிறுத்தச் சொல்லிப்போட்டு இன்னொருக்காச் சொல்லுங்க."

மூத்தவர் என்னைப் பார்த்தார். நான் சுவிட்சை அணைத்தேன்.

மெஷின் உடனே நிற்காது. பெல்ட்டு கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி ஓயும். அது முழுக்க ஓயும்வரை அவர் காத்திருந்தார். அப்புறம் முதலில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

இளையவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க. மல்லி இன்னும் அரைக்கோணும். தூக்கிட்டுப் போக ஒரு கை வேணும்."

நான் மறுபடி மெஷினைப் போட்டேன். அன்றைக்கு யாருக்கும் புதுச் செய்தி எதுவும் சொல்லவில்லை.