பதினாலு கட்டமும் ஒரு டாங்காக் குதிரையும்

படம் எடுக்குமுன் அதைக் காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். இன்னும் நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே திட்டு வாங்கும் தொழில் அது. 'நீதான் நல்லா வரைவியே' என்று கூட்டாளிகளால் இழுத்துவிடப்பட்ட அத்தனை பேருக்கும் என் பாடு புரியும்.

எமன் வாகனம்

மைசூரில் சினிமா படித்த கடைசி வருஷம். என் வகுப்பில் படித்த பத்மினி எடுத்தால் கௌபாய் படம்தான் எடுப்பேன் என்று நின்றாள். அவள் அப்பாவோ ஹெப்பாளில் ஒரு ஐ.டி. கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். முதல் காட்சியை மட்டும் எடு, நேரில் வந்து பார்க்கிறேன், சினிமாவா ஹெப்பாளா என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன் என்பது அவர் பேச்சு. ஆக, அவள் தலையெழுத்து என் பென்சிலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் கொள்ளேகால்காரன். மாடு வரைவேன், ஆடு வரைவேன். குதிரை வரைந்து பழக்கமில்லை. ராத்திரியெல்லாம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்மினி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது மேல ஏறி வந்தா ஹீரோ இல்ல குரு, எமன்."

ரெண்டும் ஒண்ணுதான்

சரி, குதிரையை நேரில் பார்ப்போம் என்று தேவராஜ மார்க்கெட் பக்கம் டாங்கா என்கிற குதிரை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனேன். மைசூர் வந்ததிலிருந்து பார்க்கிற டாங்காதான். ஆனால் வரைய உட்கார்ந்தபிறகுதான் அந்தப் பழுப்புக் குதிரையின் கண்ணைக் கவனித்தேன். பூக்கடை, ஆட்டோ, வாழைத்தார் சுமக்கிறவர், நான், எல்லாரும் அதற்குள் இருந்தோம். அம்மாடி! பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். டாங்காக்காரர் கன்னடத்தில் கேட்டார்.

"ஏறினாலும் பார்த்தாலும் ஒரே ரேட்டு. எது வேணும்?"

பார்க்கிறேன் என்றேன். பேசப் பேச, தொப்பி போட்டுக்கொண்டு அவரே சவாரி செய்து நடிக்கவும் ஒப்புக்கொண்டார்.

புள்ளி

முதல் கட்டத்தில் வெட்டவெளி, தூரத்தில் ஒருவன் வருகிறான். அவ்வளவு தூரத்தில் என்னத்தை வரைவது? கோடு போட்டு ஒரு புள்ளி வைத்தேன். மீதிப் பதின்மூன்றிலும் வித்தை காட்டினேன்: பறக்கும் குளம்பு, தொப்பி நிழல், இடுப்பருகே கை, கடைசியில் புழுதி கிளப்பிக்கொண்டு நம்மைக் கடந்து போகிற குதிரை. எல்லாவற்றையும் சுவரில் ஒட்டினோம். பத்மினி மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கோபமான கோபம்.

"இந்தப் புள்ளியைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு குரு."

சவாரி

ஊருக்கு வெளியே வறண்ட ஏரி. அவள் அப்பாவின் காரில்தான் போனோம். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேமராவுக்குக் குடை பிடித்தார். பைகளும் பெட்டிகளும் எங்கள் காலடியில் கிடந்தன.

பத்மினி கை காட்டினாள். தூரத்தில் புள்ளி அசைந்தது. அது குதிரையாகிறது, மனிதனாகிறது, மூச்சுச் சத்தம் கேட்கிறது. பத்மினி மட்டும் கட் சொல்லவே இல்லை; முதல் கட்டத்திலேயே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. என் கடைசிக் கட்டப்படி குதிரை எங்களைக் கடந்து போயிருக்க வேண்டும். அது நேராக வந்து எங்கள் முன்னால் நின்றுவிட்டது. அதட்டியும் நகரவில்லை. ஒவ்வொருவரையாகப் பார்த்தது. கும்பலையும் மூட்டையையும் கண்டால் சவாரி என்று நினைத்துக்கொள்ளும் என்று டாங்காக்காரர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார்.

போச்சு என்று நினைத்தேன். பத்மினி அப்பாவைப் பார்த்தாள். குடை எப்போதோ தரையில் விழுந்திருந்தது. அவர் குதிரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஹெப்பாள் எங்கேயும் ஓடிப் போயிடாது. அந்த டாங்காக்காரரை இன்னொரு தரம் வரச் சொல்லேண்டி."

பதினாலு கட்டம் வரைந்து விரல் வீங்கினவன் நான்; படத்தில் நின்றது நான் பென்சிலை லேசாக அழுத்தி வைத்த அந்தப் புள்ளி ஒன்றுதான்.