செல்விக்கு நான் வாங்கிக் கொடுத்த பரோட்டா

முதல் பரிசு ஜெயிச்சவர்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு வாங்கித் தரணும். அது எங்கள் பக்கத்து ஓட்டக்காரர்களின் வழக்கம். போன வருஷம் நடந்த மாரத்தானில் நான் முதலிடம், மார்க்கையன்கோட்டை செல்வி இரண்டாமிடம். உத்தமபாளையத்தில் அவளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். "நல்லா ஓடுனீகக்கா, ரொம்ப நன்றி" என்றாள். நான் ஊக்கமருந்து ஊசி போட்டு ஓடியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று மாதத்தில் பரிசோதனை முடிவு வந்தது. முதலிடத்தை அவளுக்கு மாற்றினார்கள். முதல் பரிசுப் பணத்துக்கு மட்டும் அவளிடம், "அந்தம்மா திருப்பிக் கட்டுனாத்தான் உனக்கு" என்று சொல்லிவிட்டார்கள். நான் அதில் வீட்டுக்குத் தளம் போட்டு முடித்திருந்தேன்.

ஒருநாள் செல்வி போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, அன்னைக்குத் தின்ன பரோட்டா என் காசுதானக்கா? அதுக்கு நான் நன்றி வேற சொன்னேனே."

வைத்துவிட்டாள். தலைக்கு மேலிருக்கும் தளத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் அதன் கீழேதான் படுக்கிறேன்.