சோடியம் குறைந்த கிணறு

சோடியத்தை அளந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். அது இல்லாத இடமே இல்லை. விரல் வியர்வையில் இருக்கிறது, கண்ணாடிக் குடுவையில் இருக்கிறது, யன்னலைத் திறந்தால் கடற்காற்றோடு வந்து மேசையில் படிகிறது. சோதனைக் குழாயின் வாயை மறந்துபோய்த் தொட்டாலே போதும், அளவு ஏறிவிடும். கருவியின் சுவாலை மஞ்சளாக எரியும். அந்த மஞ்சளைப் பார்த்துப் பார்த்து எனக்கு மஞ்சள் சேலைகூடப் பிடிக்காமல் போய்விட்டது. ஆனாலும் இத்தனை வருட ஆய்வுகூட வாழ்க்கையில் ஒன்றை மட்டும் நம்பியிருந்தேன். பிழை விட்டால் சோடியம் கூடும், குறையாது.

அந்த நம்பிக்கையையும் நாரந்தனை என்ற தீவுக் கிராமத்தில் ஒரு வீட்டுக் கிணறு கெடுத்தது.

வேலை இதுதான். தீவுப்பக்கக் கிணறுகள் சிலவற்றில் கோடை முழுவதும் சோடியம் எப்படி மாறுகிறது என்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டுரை எழுதுவதற்கு மட்டும் அல்ல. எந்த வீட்டுக் கிணறு குடிக்க உதவாது என்ற பட்டியலும் எங்களிடமிருந்துதான் போகும். பட்டியலில் உள்ள வீட்டுக்குப் பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் தொடர்ந்து வரும். கிணறு நல்லதென்று நாங்கள் எழுதிவிட்டால் அந்த வீட்டின் பெயர் வெட்டுப்படும்.

முதல் தடவை நானே போய் அள்ளினேன். அதன் பிறகு, விடியற்காலையில் மோட்டர் போட முன்னர் எடுத்த நீர்தான் வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர் சொல்லிவிட்டார். விடியற்காலையில் என்னை நாரந்தனையில் இறக்கிவிட எந்த பஸ் இருக்கிறது? வீட்டுக்காரர்களிடமே போத்தலைக் கொடுத்து நிரப்பி வைக்கச் சொன்னேன். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். ஒருவர் என் போத்தலைத் தொலைத்துவிட்டு மண்ணெண்ணெய் மணக்கும் போத்தலில் தந்தார். இன்னொருவர் போன கிழமையே நிரப்பி வைத்துவிட்டு, எனக்குப் பெரிய உதவி செய்ததாகச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

கணவனோடு தனியே இருக்கும் ஒரு அக்காவின் வீட்டில்தான் பொறுமை போயிற்று. அவர் பிறசருக்குக் குளிசை எடுப்பவர். உப்பைக் குறைக்கச் சொல்லி வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருடைய கிணற்றில் நான் அள்ளிய முதல் நீரை, கருவி தாங்காது என்று காய்ச்சி வடித்த நீர் சேர்த்துப் பல மடங்கு ஐதாக்க வேண்டியிருந்தது. அவர் நிரப்பித் தந்த இரண்டாம் போத்தலிலோ சோடியம் இல்லை என்றே சொல்லலாம். கருவியைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். ஒப்பிட்டுப் பார்க்கும் நியமக் கரைசல்களைப் புதிதாகச் செய்தேன். குடுவை கழுவும் அண்ணையோடு தேவையில்லாமல் சண்டை பிடித்தேன். மூன்றாம் போத்தலும் அப்படியே வந்தது.

பேராசிரியருக்கோ சந்தோசம். நிலத்தடியில் நன்னீர் ஊறும் வழி ஒன்று திறந்திருக்கலாம் என்று ஒரு தாளில் படம் கீற ஆரம்பித்துவிட்டார். கோடை நடுவில், வெடித்துக் கிடக்கும் நிலத்தில், ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் நன்னீர் ஊறுமாம்! அவருடைய படம் முடிவதற்குள் அந்த வீட்டின் பெயர் பட்டியலில் இருந்து போய்விடும் என்ற பயம் எனக்கு. அடுத்த நாளே பஸ் ஏறினேன்.

"என்ன பிள்ளை, முறை வர முதலே வந்திட்டீர்?" என்று அக்கா கதிரையை இழுத்துப் போட்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. போத்தல்லை கிணத்துத் தண்ணிதானே விட்டனீங்கள்?"

"சீ, உந்தத் தண்ணியையோ? அது வாயிலை வைக்க ஏலாது. கம்பசுக்குப் போற தண்ணி எண்டு சொன்னீர். படிச்ச ஆக்கள் பாக்கிற இடத்துக்கு உந்தத் தண்ணியை என்னெண்டு குடுத்துவிடுறது? பவுசர்த் தண்ணிதான் விட்டனான்."

ஒரு மாதமாக நான் கருவியைத் திட்டியிருக்கிறேன், அண்ணையைத் திட்டியிருக்கிறேன். கூடாத தண்ணீர் என்று காட்டினால்தான் பவுசர் வரும், நல்ல தண்ணீரைக் காட்டினால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று சத்தம் போட்டே சொன்னேன்.

"ஐயோ, அப்ப எங்கடை பேரை வெட்டிப்போட்டாங்களோ?"

"இன்னும் இல்லை. வாங்கோ கிணத்தடிக்கு."

விடியற்காலை விதியைத் தூக்கி எறிந்துவிட்டு நானே அள்ளினேன். நீர் எடுக்கும் முன்னர் அதே நீரால் போத்தலை மூன்று தரம் அலசி ஊற்ற வேண்டும். எல்லா வீட்டிலும் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். நான் அலசி ஊற்றுவதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் நீர் சொன்னபடி மூண்டு தரம் அலசித்தான் நிரப்பினனான்," என்றார். "அதிலை நான் பிழை விடேல்லை."

"எந்தத் தண்ணியாலை அலசினனீங்கள்?"

"அதே பவுசர்த் தண்ணியாலைதான். அதே தண்ணி எண்டுதானே சொன்னனீர்."

அந்த வீட்டுக்குக் கிழமைக்கு இரண்டு சின்னக் கான் தண்ணீர்தான் கிடைக்கும். போத்தல் நிறைய மூன்று தரம் அலசி ஊற்றி, நாலாம் தரம் நிரப்பியிருக்கிறார்.

"பிறகு உங்களுக்குக் குடிக்கத் தண்ணி போதாமல் போயிருக்குமே அக்கா?"

"என்ரை மனுசனுக்குக் காணும். நான் ரெண்டு மூண்டு நாள் கிணத்துத் தண்ணியோடை சமாளிச்சனான்."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அவர் மேல் காட்ட இனி வெட்கமாக இருந்தது. உப்பே தொடக்கூடாத மனுசி, என் போத்தலுக்காக அந்த உப்புத் தண்ணீரைக் குடித்திருக்கிறார். மூடியை இறுக்கி, போத்தலைப் பைக்குள் வைத்தேன்.

அக்கா வாசல் படலை வரை கூட வந்தார்.

"சோதிச்சு முடிய நான் தந்துவிட்ட தண்ணியை என்ன செய்யிறனீர் பிள்ளை?"

அந்தச் சோதனைக்கு ஒரு மூடி அளவு நீர் காணும். சின்னப் போத்தல் கையிருப்பில் இல்லாதபடியால்தான் லீற்றர் போத்தல்களைக் கொடுத்திருந்தேன். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், வாய் வரவில்லை.

"கீழை ஊத்திப்போடுவன் அக்கா."

"முழுத்தையுமோ?"