நின்றவர்கள் உட்கார்ந்ததாக எழுதிய நாள்

ஆட்சி மாறி இரண்டாவது குறுவை அறுப்பு நேரம். தஞ்சை ஜில்லாவில் ஒரு தாலுகா ஆபீஸில் நான் குமாஸ்தா. அந்த வாரம்தான் ஒரு சிறு பத்திரிகையில் சுவீடன் தேசத்துச் சரித்திரம் பற்றி என் கட்டுரை வந்திருந்தது. முதல் பயணத்திலேயே துறைமுகத்தில் மூழ்கிப்போன ராஜாவின் போர்க்கப்பல், தானாகவே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போன ராணி எல்லாம் அதில் உண்டு. முக்கியமாக, நானூறு வருஷத்துக்கு முன்பே அங்கே பிரபுக்களைப் போலக் குடியானவர்களும் நாட்டுச் சபையில் உட்கார்ந்தார்கள் என்று ஆவேசமாக எழுதியிருந்தேன். சுவீடனை நான் அட்லஸில் விரல் வைத்துப் பார்த்ததோடு சரி.

அன்று கூலிப் பேச்சுவார்த்தை. நாற்காலி போடுவது என் பொறுப்பு. தாசில்தாருக்கு ஒன்று, மிராசுதார்களுக்கு ஆறு, மினிட்ஸ் எழுத எனக்கு ஒன்று. விவசாயத் தொழிலாளர்களுக்கும் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரும் தடுக்கவில்லை, கை அப்படிப் பழகியிருந்தது.

அறுக்கும் ஒவ்வொரு கலத்துக்கும் அரைப் படி நெல் கூலி கூடுதலாகக் கேட்டுத் தொழிலாளர்கள் ஐந்து பேர் வந்தார்கள். தரையில் உட்காரச் சொன்னார் தாசில்தார். மாட்டோம் என்று நின்றார்கள், மூன்று மணி நேரம். நாற்காலி எடுத்துவர நான் எழுந்தேன். அவர்கள் உட்கார்ந்தால் நாங்கள் எழுந்து போய்விடுவோம் என்றார் ஒரு மிராசுதார். நான் உட்கார்ந்துவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

கடைசியில் மிராசுதார்கள் அரைப் படிக்குச் சம்மதித்தார்கள். நெல்லைக்கூட விட்டுக்கொடுத்தார்கள், நாற்காலியை விடவில்லை. வழக்கமான வாசகத்தில் ஒப்பந்தம் எழுதி உரக்கப் படித்தேன்: இரு தரப்பாரும் சமமாக அமர்ந்து பேசி...

தொழிலாளர் தரப்பில் பேசிய அம்மாள், நடவு ஆட்களைத் திரட்டி வருபவர், நிறுத்தச் சொன்னார்.

"நாங்க உட்காரலைங்களே. நின்னோம்னு எழுதுங்க."

எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிற வாசகம்தானம்மா என்றேன்.

"சுவீடன்ல குடியானவங்க உட்கார்ந்தாங்கன்னு எழுதியிருந்தீங்க. எங்க சங்கக் கொடிக்கம்பத்தடியில படிச்சுக் காட்டினாங்க, கேட்டோம். நீங்க போயா பார்த்தீங்க? யாரோ ஒரு கணக்கப்பிள்ளை எழுதி வச்சதுதானே? அந்தாளு பொய் எழுதலேன்னு எப்படிங்க நம்புனீங்க?"

ஒரு சொல் மாறினாலும் ஒப்பந்தம் கிடையாது என்று சீறினார் தாசில்தார். வெளியே கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. கிழக்கே மேகம் கறுத்திருந்தது. அறுப்பு தள்ளிப்போனால் அத்தனை வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். அந்த அம்மாள் என் பேனாவை வாங்கி, நின்றபடியே மேஜைமேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்த்தார். அப்போதும் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. உத்தியோகம் போய்விடுமாம்!

அந்தக் காகிதம் இன்னமும் ரிக்கார்டு ரூமில், என் முத்தான கையெழுத்தில் இருக்கிறது. இன்னும் நானூறு வருஷம் கழித்து, சுவீடனில் என்னைப் போன்ற ஒரு படிப்பாளி அதைத் தேடிப் பிடித்து, தஞ்சாவூர்ச் சீமையில் உழைப்பவர்கள் அந்தக் காலத்திலேயே சமமாக உட்கார்ந்தார்கள் என்று ஆவேசமாகக் கட்டுரை எழுதுவான். அவனுக்குப் பொய் சொன்ன கணக்கப்பிள்ளை நான்தான் என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.