ராஜகுமாரி கொண்டுவந்த பாட்டில்

ராஜகுமாரியின் தம்பி அவர்கள் ஊரான காவாந்தண்டலத்திலிருந்து போனில் பேசினான். "அக்கா போயிட்ச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்துச்சு, அவ்ளோதான்."

"எந்த டாக்டர் சொன்னாரு?" என்று கேட்டேன். சாவுச் செய்தியைக்கூடச் சரிபார்க்கிற ஆள் நான் என்று அவனுக்குத் தெரியும். பொறுமையாகப் பதில் சொன்னான். சென்னையில் எங்களோடு உயிர்வேதியியல் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலாண்டின் சிறுநீர்ச் சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு 'நார்மல்' மாதிரி கொண்டுவரச் சொன்னார் விரிவுரையாளர். விடுதியில் மற்றவர்கள் கூச்சத்தை விழுங்கிக்கொண்டோம். ராஜகுமாரியால் முடியவில்லை. ஊருக்குப் போய்விட்டு, திங்கள் காலை உத்திரமேரூரில் பஸ் ஏறியபோது அவள் கையில் ஒரு தேன் பாட்டில் இருந்தது.

"இன்னாடி அது?" என்று ஆய்வகத்தில் கேட்டேன்.

"நைனாவோடது. கேட்டு வாங்கினேன்." அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மாள் சென்னை வரைக்கும் அவளை விடவில்லையாம். "கொம்புத்தேனா கண்ணு? நாக்குல ஒரு சொட்டு வையேன்."

நீலநிறப் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். அவளுடையது செங்கல் நிறமானது. விரிவுரையாளர் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தார். "தேன் பாட்டில்ல கொண்டுவந்தா வேற என்னம்மா வரும்? சர்க்கரை இல்லைன்னு எழுது, கையெழுத்து போட்டுடறேன்." கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது.

"எழுதிட்டு வாடி, மெஸ் மூடிடுவாங்க" என்றேன் நானும்.

"தப்பு பாட்டில்லயா, நைனா ஒடம்புலயான்னு தெரியாம எப்டிடி எழுதறது?"

அந்தச் சனிக்கிழமை புது பாட்டிலோடு நாங்கள் இருவரும் அவள் ஊருக்குப் போனோம். வரப்பில் நின்றிருந்த அவள் அப்பா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம் குட்த்தது இன்னா ஆச்சு?"

"கெட்டுப்போச்சு நைனா."

"அதுல கெட்டுப்போறதுக்கு இன்னா கீது?"

ஆனாலும் திங்கள் விடியற்காலையில் பாட்டிலை வாங்கிக்கொண்டு பம்பு செட்டுக்குப் பின்னால் போய்வந்தார். "இந்தா. பாஸாவலன்னா என்னிய கொற சொல்லாத."

அன்றும் செங்கல் நிறம்தான். ராஜகுமாரி சோதனைக் குழாயைக் கழுவாமலே பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். மறுநாள் அவரைக் காஞ்சிபுரத்துக்கு இழுத்துப்போனாள். முள் குத்தியது என்று சொல்லி அவர் காலில் மறைத்துவைத்திருந்த ஆறாத புண்ணை டாக்டர் பார்த்தார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் காலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றாராம். அதன்பின் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும்வரை இருந்த அந்த மனிதர், வருகிறவர்களிடமெல்லாம் ஒரே புகாரைச் சொன்னார்: "இவ படிக்கப் போற வரைக்கும் எனக்கு சர்க்கரயே கெடயாது."

'சர்க்கரை உண்டு' என்று அவள் எழுதிய நோட்டில் விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டார்.

இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்த முதல் திங்கட்கிழமை நான் என் குழாயைச் சூடாக்கவே இல்லை. 'சர்க்கரை இல்லை' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பக்கத்தில் நின்ற ராஜகுமாரி பார்த்தாள். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் எதையாவது அடித்துப் பேசும்போது மட்டும் மெதுவாகக் கேட்பாள்: "கொதிக்க வெச்சியா?"

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். இனி அதை நானேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.