பாறை மேட்டில் அந்தச் செடியைப் பார்த்தவர்

சுடலைமுத்து அண்ணன் போய்விட்டார்... நேற்று மதியம். ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

எங்கள் காலேஜ் பாட்டனி டிபார்ட்மெண்டின் லேப் அட்டெண்டண்ட். தாராவிக்காரர், சொந்த ஊர் நாங்குநேரி பக்கம். என்னோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார்.

ஃபீல்டுக்குப் போனால் என் கையில் கேமரா. அவர் தோளில் செடி அமுக்கும் பலகையும் பழைய தமிழ்ப் பேப்பர் கட்டும், தாராவி சலூன்களில் சொல்லி வைத்து வாங்கியது. பேப்பரைப் படித்து முடிக்காமல் செடியை அதில் வைக்க மாட்டார். மழை வருது என்று நான் கத்தினால், "இருங்க மேடம், திருடன புடிச்சானுவளான்னு பாத்துக்கிடுதேன்" என்பார்.

உங்களில் பலருக்கு என்னை அந்தச் செடியால்தான் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் உலர்த்தி ஒட்டிவைத்த ஷீட் ஒன்றைத் தவிர வேறு தடயமே இல்லை, அழிந்துபோனது என்று புத்தகத்திலேயே எழுதிவிட்டார்கள். கர்ஜத் பக்கம் ஒரு பாறை மேட்டில் நான் அதைத் திரும்பக் கண்டுபிடித்ததாகப் பேப்பரில் போட்டோ வந்தது. நீங்களும் லைக் போட்டீர்கள்.

நான் கண்டுபிடிக்கவில்லை.

அன்றைக்கு எனக்குக் கால்வலி, நாலு மணி டிரெயினைப் பிடிக்கும் அவசரம் வேறு. அவர் பாறையில் குத்தவைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"மேடம், இங்கன வாங்க. நம்ம மூணாவது பீரோல ஒரு பழைய ஷீட்டு இருக்குல்லா... இது அந்த இலை மாதிரியே இருக்கு."

"அது வெறும் களை அண்ணா. வாங்கோ, போலாம்." பார்க்காமலே சொன்னேன்.

"ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க."

குனிந்தேன்...

மொத்தமே பதினொரு செடி. ஒன்று மட்டும் எடுத்தோம். மற்றது விதை போடட்டும் என்று சொன்னதும் அவர்தான்.

ஷீட்டின் லேபிளில் 'சேகரித்தவர்' என்று ஒரு வரி உண்டு. அங்கே என் பெயரை மட்டும் எழுதினேன். அட்டெண்டண்ட் எடுத்துக் கொடுத்தாலும் மேடம் பெயர்தான் போகும், எங்களிடம் அதுதான் வழக்கம். யாரும் கேட்பதில்லை.

அவர் கேட்டார். பசை தடவிக்கொண்டே, "எம்பேரும் அதுல வருமா மேடம்?"

"அடுத்த ஷீட்ல போட்டுடலாம் அண்ணா."

அடுத்த ஷீட் என்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும். சரி என்றுவிட்டு டீ வாங்கப் போனார்.

இன்று காலை தாராவியில் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் சொன்னாள்: "இவங்கதான் அந்தச் செடியக் கண்டுபிடிச்ச மேடம். கூடப் போனதுக்கே எங்கப்பாவுக்கு அம்புட்டுப் பெருமை."

வீட்டில்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். அத்தனை பேர் முன்னால் நானும் தலையாட்டினேன்... வெட்கமாக இருக்கிறது.

அங்கிருந்து நேரே டிபார்ட்மெண்டுக்கு வந்தேன். பழைய லேபிளை அழிக்கக் கூடாது, பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டலாம். அவர் பெயரை எழுத உட்கார்ந்தால் இனிஷியல் தெரியவில்லை. பதினெட்டு வருஷம்...

மகளுக்குப் போன் செய்து கேட்டேன்.

"எதுக்கு மேடம்?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"அப்ப... எங்கப்பாதானா?" என்றாள்.

ஆமாம். அவர்தான்.

போய் வாருங்கள் அண்ணா.