கடைசிப் புள்ளி இல்லாத வெட்டிவேர்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு விரல் உயர மெழுகு. என் மனைவி ஜெயா போன கார்த்திகையில் காலமானார். அவர் கடைசியாக வாங்கிய வாசனை மெழுகுதிரி ஒன்று வீட்டில் இருக்கிறது. தினமும் மாலையில் பத்து நிமிடம் ஏற்றிவிட்டு ஊதி அணைத்துவிடுவேன். அந்தப் பத்து நிமிடமும், ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்னொருவர் இருப்பது போல இருக்கும். மீதி நேரமெல்லாம் ஃபிரிஜ் போடும் இரைச்சல்தான். மெழுகு தீர்வதற்குள் அதே வாசனையில் இன்னொன்று வாங்கிவிட வேண்டும் என்று போன சனிக்கிழமை புறப்பட்டேன். இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதெல்லாம் நாங்கள் இருவராகப் போன பயணங்கள். இது தனியாகப் போனது.

அதற்கு முன் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். மெழுகு இருந்த கண்ணாடிக் குவளையில் ஆங்கில எழுத்தில் 'வெட்டிவே' என்று அச்சடித்திருந்தது. ஒரு காலத்தில் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குப் பிழை திருத்தியவன் நான். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. எங்கள் ஆள் யாரோதான் வெட்டிவேரின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு வியாபாரம் செய்கிறான் என்று முடிவு கட்டி, ஸ்காபரோவின் மல்வேர்ன் பக்கம் நாலு தமிழ்க் கடைகள் ஏறி இறங்கினேன்.

"உது எங்களிட்டை இல்லை அண்ணை. வெட்டிவேர் ஊதுபத்தி கிடக்கு, தரட்டோ?" என்றார் ஒரு கடைக்காரர்.

இரண்டு பெட்டி வாங்கிக் கொளுத்தினேன். வீடு கோயில் மாதிரி மணத்தது. ஜெயா இருந்த வீடு மாதிரி மணக்கவில்லை. பிறகுதான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குவளையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஹெயிட்டி நாட்டின் பெயரும், ரொறன்ரோ மேற்கில் ஒரு சனிக்கிழமைச் சந்தையின் முகவரியும் இருந்தன. ஜெயா மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறிப் போன சந்தை அது.

"இஞ்சருங்கோ, நீங்களும் ஒருக்கா வாருங்கோவன்" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"அங்கை பார்க்கிங் கிடையாது" என்று சொல்லிவிட்டு நான் சோபாவில் சாய்ந்துவிடுவேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். காலை 9.40க்கு விட்பியில் ரயில். வார இறுதி நாள் பாஸ் பத்து டொலர். இடப்பக்கம் உட்காருங்கள், பிக்கரிங் தாண்டியதும் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வரும். பிக்கரிங்கில் கூட்டம் ஏறியது. ஒரு பெண் என் பக்கத்து இருக்கையைக் காட்டி, யாராவது வருகிறார்களா என்று கேட்டார். பார்த்தால் என் பையை அங்கே வைத்திருக்கிறேன். ஜெயாவுக்கு இடம் பிடித்து வைக்கும் பழக்கம். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஏரியைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

யூனியன் நிலையத்தில் இறங்கி, வடக்கே ஐந்து நிமிடம் நடந்து, மேற்கே போகும் ஸ்ட்ரீட்காரில், அதாவது டிராமில், இருபத்தைந்து நிமிடம். கட்டணம் 3.30. அங்கிருந்து ஆறு நிமிட நடை. சந்தை ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் நடக்கிறது. வாசலிலேயே பெரிய பார்க்கிங், பாதிக்கு மேல் காலி. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெழுகுதிரி மேசையில் நின்றவர் பெயர் மிர்லாந்த். நாற்பது வயதிருக்கும். இந்தப் பிராண்டைத் தொடங்கியவரும் வார்ப்பவரும் விற்பவரும் அவரே. காப்பி, கசப்பு ஆரஞ்சு, வெட்டிவேர் என்று எல்லாம் அவர் அம்மா பிறந்த தென் ஹெயிட்டியின் வாசனைகள். அங்கே மலைச்சரிவுகளில் வெட்டிவேர் பயிராகிறதாம். பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்த தமிழ்ச் சொல் ஹெயிட்டியின் கிரயோல் மொழிக்குப் போனபோது கடைசி 'ர்' கழன்றுவிட்டது. ஆக, பிழை ஒன்றுமில்லை. நான்தான் ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

நாங்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். பையிலிருந்த பழைய குவளையை எடுத்துக் காட்டினேன். அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஜெயாவின் கணவரா? அந்தப் பார்க்கிங் மனிதர்!" என்று சிரித்தார். "ஜெயா எங்கே?"

சொன்னேன். மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில்கூட அப்படி அழவில்லை.

பிறகு ஒரு தகரப் பெட்டியிலிருந்து அட்டை ஒன்றை எடுத்தார். "இது உங்கள் மொழிச் சொல் என்று ஜெயாதான் சொன்னார். வெட்டி எடுக்கிற வேர் என்று விளக்கினார். லேபிளில் போட எழுதிக் கேட்டேன். எழுதிவிட்டு, 'என் கணவர் பிழை பார்க்காமல் அச்சடிக்க வேண்டாம், எப்படியாவது கூட்டி வருகிறேன்' என்றார். இவ்வளவு நாளும் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?"

ஜெயாவின் கையெழுத்து. 'வெட்டிவேர' என்று இருந்தது. கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. அவர் ஒருநாளும் வைத்ததில்லை. ஃபிரிஜ் கதவில் ஒட்டும் சாமான் சீட்டில் பால் 'பால' என்றிருக்கும், தயிர் 'தயிர' என்றிருக்கும். நான் சிவப்புப் பேனையால் புள்ளி போட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவேன்.

"விளங்குதெல்லே? அது காணும்" என்பார் ஜெயா.

சட்டைப்பையில் அந்தச் சிவப்புப் பேனை இருந்தது. கை தானாகவே மேலே போனது. ஒரு புள்ளி, ஒரு வினாடி வேலை. மிர்லாந்த் காத்துக்கொண்டு நின்றார்.

"சரியாக இருக்கிறது. அப்படியே அச்சடியுங்கள்" என்றேன்.

போக விரும்புவோருக்கு: சந்தை சனிக்கிழமை மட்டும், பதினொன்றிலிருந்து ஐந்து வரை. வெட்டிவேர் மெழுகுதிரி 34 டொலர், மதியத்துக்குள் தீர்ந்துவிடும் (எனக்கு ஒன்று கிடைத்தது). சாப்பாடு கையில் கொண்டுபோவது நல்லது. யாராவது கூப்பிட்டால் அவர்களோடு போங்கள், பார்க்கிங் தாராளமாக இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து குவளையில் தமிழும் இருக்கும். கடைசி எழுத்தில் ஒரு புள்ளி குறைவதைத் தமிழ் தெரிந்த நீங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். தயவுசெய்து மிர்லாந்திடம் சொல்லிவிடாதீர்கள்.